அமெரிக்க மேற்கு எல்லைப்புறத்தின் வரலாற்று மூலங்களாகக் கடித உறைகளும் தபாற்குறிகளும்

வரலாற்றாராய்ச்சிக்குரிய மூலங்கள் எனும்போது சாசனங்கள், நாணயங்கள், அரச ஆவணங்கள், பயணிகளின் குறிப்புகள் என்பனவே பெரும்பாலும் எம் நினைவுக்கு வருகின்றன. கடிதத்தை எடுத்தபின் எறியப்படும் உறையையும் அதன்மீது பதிந்த தபாற்குறியையும் மூலமாகக் கொள்வோர் சிலரே. முத்திரை சேகரிப்போரின் பொழுதுபோக்கென ஒதுக்கப்பட்ட இப்பொருள்கள், ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புற வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளாக அமையுமாற்றை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட முனைகின்றோம்.

1893 இல் சிகாகோவில் பிரெடரிக் ஜக்சன் டேர்ணர் வாசித்த கட்டுரை, எல்லைப்புறமே அமெரிக்கரின் தனித்தியங்கும் இயல்பையும் சனநாயகப் பண்பையும் உருவாக்கியது என வாதிட்டது. அதன் செல்வாக்கினால், மேற்கு என்பது அரசின் கையெட்டாத வெட்டவெளி, தன் முயற்சியையே நம்பி வாழ்ந்த தனிமனிதனின் உலகு என்ற படிமம் நிலைபெற்றது. கடித உறைகள் இப்படிமத்துக்கு மாறான சாட்சியத்தையே தருகின்றன. எல்லைப்புறத்து மனிதன் தொலைவிலிருந்த குடும்பத்தோடும் சந்தையோடும் கருவூலத்தோடும் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தான் என்பதை அவை காட்டுகின்றன.

1. பொன்வேட்டையும் தபாற்கட்டணமும்

1848 ஜனவரி 24 இல் கலிபோர்ணியாவின் கொலோமாவில், சட்டரின் மர ஆலையருகே பொன் காணப்பட்டது. அப்பிரதேசத்தை மெக்சிக்கோ ஐக்கிய அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் ஒன்பது நாட்களின் பின்னர் கைச்சாத்தானது. 1849 இல் பல்லாயிரவர் பொன் தேடி அங்கு குவிந்தனர். கிழக்குக் கரையில் ஏற்றப்பட்ட கடிதங்கள் பனாமாப் பூசந்தியைத் தரைவழியே கடந்து, மறுகரையில் பசிபிக் மெயில் கம்பனியின் நீராவிக் கப்பலேறிச் சன்பிரான்சிஸ்கோவை அடைந்தன. கப்பல் வந்த நாட்களில் அந்நகரத் தபாற்கந்தோரின் முன் நீண்ட வரிசைகள் உருவாகின. வரிசையில் தாம் பிடித்த இடத்தை விற்றுப் பொருளீட்டியோரும் இருந்தனர்.

அக்காலத்தில் கிழக்கு மாநிலங்களுக்குள் 300 மைலுக்குட்பட்ட கடிதமொன்றுக்குக் கட்டணம் 5 சதம்; பசிபிக் கரைக்கும் கிழக்குக்குமிடையே 40 சதம். 1851 ஜூலையில் இது, முன்கூட்டியே செலுத்துவோருக்கு, 6 சதமாகக் குறைந்தது. 1855 ஏப்பிரலில் 10 சதமாக உயர்ந்தது. 1863 ஜூலையிலிருந்து தூரம் எதுவாயினும் 3 சதம் என்ற ஒரே கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதாவது, தொலைதூரச் சுரங்கப் பாளையத்துக்குச் செல்லும் கடிதத்தின் செலவை நாடு முழுவதும் பகிர்ந்துகொண்டது.

இக்கட்டண மாற்றங்கள் ஆய்வாளருக்குப் பெருந்துணை புரிகின்றன. அக்காலத் தபாற்குறிகள் பலவற்றில் மாதமும் நாளுமே உண்டு; ஆண்டு இல்லை. எனவே செலுத்தப்பட்ட கட்டணத்தையும், பெற்றவர் உறையின் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பையும் கொண்டே காலத்தைத் துணிய வேண்டியுள்ளது. உரியவர் வந்து பெறாத கடிதங்களின் விபரம் பத்திரிகையில் வெளியிடப்பட்டு, உறையில் அதற்கான குறி இடப்பட்டது. பின்னரும் எவரும் வராதவிடத்து அவை வொஷிங்டனிலிருந்த உரிமையற்ற கடிதங்களின் கந்தோருக்கு அனுப்பப்பட்டன. வேறு பாளையத்துக்குப் பெயர்ந்தவனோ, நோயில் மாண்டவனோ, பெயரை மாற்றிக்கொண்டவனோ, அவனுடைய கதையில் எஞ்சியது சில வேளைகளில் அவ்வொரு குறி மாத்திரமே.

2. ஓர் உறையில் இரு அச்சுகள்

சுரங்கப் பாளையங்கள் இன்றிருந்து நாளை கலைந்தன. அரச தபாற்கந்தோர் அவற்றைத் தொடர்ந்து செல்ல இயலவில்லை. இவ்விடைவெளியைத் தனியார் நிரப்பினர். பொன் தோண்ட வந்த அலெக்சாண்டர் ரொட், 1849 இல் சன்பிரான்சிஸ்கோவில் கடிதங்களைப் பெற்றுத் தென்சுரங்கங்களுக்குக் கொண்டு சென்று, கடிதமொன்றுக்குப் பல டொலர் வீதம் அறவிட்டார். அவரைப் பின்பற்றிப் பல எக்ஸ்பிரஸ் கம்பனிகள் தோன்றின. அவற்றுட் பெரியதாயிருந்த அடம்ஸ் கம்பனி 1855 பெப்ரவரியில் வீழ்ச்சியுற்றது. அதன்பின் 1852 இல் நிறுவப்பட்ட வெல்ஸ் பார்கோ கம்பனி தலையெடுத்தது.

1852 இல் இயற்றப்பட்ட சட்டம், அரச முத்திரை பொறித்த உறையில் இட்ட கடிதத்தைத் தனியார் கொண்டுசெல்ல அனுமதித்தது. இதனால் ஓர் உறையிலேயே இரு அச்சுகளைக் காண்கின்றோம்: ஒன்று அரசின் முத்திரை; மற்றது கம்பனியின் பெயர் தாங்கிய கட்டண அச்சு. அரசு சுமக்காத கடிதத்துக்கும் அரசுக்கு வருவாய் கிடைத்தது. தனியார் முயற்சிக்குச் சிறந்த உதாரணமெனக் கூறப்படும் சேவையிலும் அரசின் கை இருந்தமைக்கு இவ்வுறைகளே சாட்சி.

3. தரைவழித் தபாலும் அரச பணமும்

தரைவழிச் சேவையில் இவ்வுண்மை மேலும் தெளிவாகின்றது. ஜோன் பட்டர்பீல்டின் கம்பனி 1857 இல் ஒப்பந்தம் பெற்று, 1858 செப்டெம்பரில் சேவையைத் தொடங்கியது. சென் லூயிஸ், மெம்பிஸ் ஆகிய நகரங்களிலிருந்து எல் பாசோ, லொஸ் ஏஞ்சலிஸ் வழியாகச் சன்பிரான்சிஸ்கோ வரை ஏறத்தாழ 2,800 மைல், வாரத்துக்கு இருமுறை, 25 நாட்களுக்குள் சேர வேண்டும். இதற்கு அரசு ஆண்டுதோறும் 600,000 டொலர் வழங்கியது. முத்திரை வருவாய் இத்தொகையின் அருகிலும் வரவில்லை.

தொடக்கத்தில், தரைவழி என உறையில் எழுதாத கடிதங்கள் கப்பலிலேயே சென்றன. 1859 டிசம்பரில் இவ்விதி தலைகீழாக்கப்பட்டது. பனாமா வழி என எழுதாதவை தரைவழியே சென்றன. ஆதலால் உறையின் மூலையிலுள்ள இரண்டொரு சொற்கள், அனுப்பியவர் எப்பாதையை நம்பினார் என்பதையும் அரசு எப்பாதையை ஆதரித்தது என்பதையும் உணர்த்துகின்றன.

1860 ஏப்பிரல் 3 இல் தொடங்கிய பொனி எக்ஸ்பிரஸ் குதிரைத் தபால், மிசூரியின் சென் ஜோசப் நகருக்கும் சக்கரமென்ரோவுக்குமிடையே பத்து நாட்களளவில் கடிதங்களைச் சேர்ப்பித்தது. அரை அவுன்சுக்கு முதலில் 5 டொலர். அரச கட்டணம் இதற்குப் புறம்பானது. 1861 ஜூலையில் இச்சேவை அரச ஒப்பந்தத்துள் வந்தபோது கட்டணம் ஒரு டொலரானது. அவ்வாண்டு ஒக்டோபர் 24 இல் கண்டங்கடந்த தந்தி இணைப்பு நிறைவுற்றதும் குதிரைத் தபாலின் தேவை அற்றுப்போயிற்று. சுமார் ஒன்றரை ஆண்டு நடந்து, தொடக்கியோரை நட்டத்தில் ஆழ்த்திய இச்சேவையின் உறைகளுள் இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ 250 மாத்திரமே.

4. தபாற்குறியின் மொழி

மேற்கின் சிறு தபாற்கந்தோர் பெரும்பாலும் ஒரு கடையின் மூலையாகவே இருந்தது. கடைக்காரரே தபாலதிபர். வருவாய் குறைந்த கந்தோர்களுக்கு அரசு குறியிடும் கருவி வழங்கவில்லை. எனவே அவர் ஊர்ப்பெயரையும் திகதியையும் பேனாவால் எழுதினார்; அல்லது தம் செலவில் ஓர் அச்சைச் செய்வித்தார். 1870களிலும் 1880களிலும் மாவட்டத்தின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்துப் பொறித்த தபாலதிபர்கள் பலராவர். எழுத்துக்கூட்டற் பிழைகளோடு கூடிய இக்குறிகள், அவ்வூரில் எஞ்சிய ஒரே எழுத்துச் சான்றாகவும் அமைவதுண்டு.

ஆட்சியெல்லைகள் மாறியமையையும் தபாற்குறிகள் பதிவுசெய்துள்ளன. வெள்ளிச் சுரங்கத்தால் எழுந்த வேர்ஜீனியா நகரின் குறியில் முதலில் யூட்டா ஆள்புலத்தைச் சுட்டும் ‘யூ.ரி.’ என்ற எழுத்துகளும், 1861 இன் பின் நெவாடா ஆள்புலத்தைச் சுட்டும் ‘என்.ரி.’ என்பனவும் காணப்படுகின்றன. 1864 ஒக்டோபர் 31 இல் நெவாடா மாநிலமாயிற்று. டென்வர் நகரம் கன்சாஸ் ஆள்புலத்திலிருந்து கொலராடோ ஆள்புலத்துக்கு மாறியமையும் இவ்வாறே புலனாகின்றது. இவ்வெழுத்துகளைப் படிப்பதில் அவதானம் தேவை. ‘ஐ.ரி.’ என்பது ஐடஹோ ஆள்புலத்தையும் குறிக்கலாம், செவ்விந்தியருக்கென ஒதுக்கப்பட்ட ஆள்புலத்தையும் குறிக்கலாம், ‘டபிள்யூ.ரி.’ என்பது வொஷிங்டன் ஆள்புலமாகவோ வயோமிங் ஆள்புலமாகவோ இருக்கலாம். கலிபோர்ணியாவின் போடி என்ற பொன்னகரத்தில் 1877 இல் திறக்கப்பட்ட தபாற்கந்தோர் 1942 இல் மூடப்பட்டது. இன்று அங்கு குடிகளில்லை, தபாற்குறி உண்டு.

சேகரிப்பாளரும் ஆய்வாளருமான ரிச்சர்ட் ஹெல்பொக், நாடெங்கும் திறந்து மூடப்பட்ட 160,000 க்கு மேற்பட்ட தபாற்கந்தோர்களைப் பட்டியற்படுத்தினார். அப்பட்டியலை அடிப்படையாகக் கொண்டு வரலாற்றாசிரியர் கமெரன் பிளெவின்ஸ் 2021 இல் வெளியிட்ட நூல், மேற்கில் தபால் வலையமைப்பு விரைந்து விரிந்து விரைந்து சுருங்கிய தன்மையை ஆராய்ந்தது. இவ்விரிவின் இருண்ட பக்கமும் உண்டு. ஒப்பந்த முறையில் நடத்தப்பட்ட ‘நட்சத்திரப் பாதைகள்’ பலவற்றில் சொற்பக் கடிதங்களுக்குப் பெருந்தொகை வழங்கப்பட்ட மோசடி 1881 இல் அம்பலமாயிற்று. வழக்குகள் 1883 இல் முக்கிய எதிரிகளின் விடுதலையோடு முடிந்தன.

5. உறைகள் பேசாதவை

எனினும் இச்சான்றுகள் யாருடைய குரலைத் தருகின்றன என வினவாது விட முடியாது. 1860 மே மாதத்தில் பையூட் மக்களுக்கும் குடியேறியோருக்குமிடையே போர் மூண்டது. வில்லியம்ஸ் தங்குநிலையத்திலிருந்தோர் பையூட் சிறுமியர் இருவரைக் கவர்ந்து அடைத்துவைத்தமையே உடனடிக் காரணம். குதிரைத் தபால் நிலையங்கள் தாக்கப்பட்டுச் சேவை சில வாரங்கள் தடைப்பட்டது. 1860 இல் தொலைந்து 1862 இல் நியூயோர்க்கை அடைந்த உறையொன்றில், செவ்விந்தியர் களவாடிய தபாலிலிருந்து மீட்கப்பட்டது என்னும் பொருள்பட ஒரு குறிப்பு எழுதப்பட்டுள்ளது. சேகரிப்பாளரால் மிக உயர்வாக மதிக்கப்படும் உறை இது. களவாடப்பட்டது தபால் என அது கூறுகின்றது. நிலத்தைப் பற்றியோ சிறுமியரைப் பற்றியோ அது பேசவில்லை.

அதற்காகப் பூர்வகுடியினர் எழுத்தறியாதவரென்று கொள்வதும் தவறாகும். சிக்குவோயா 1821 அளவில் வகுத்த எழுத்துமுறையால் செரோக்கி மக்கள் தம் மொழியிலேயே எழுதினர். அவர்களுடைய தலைநகரான ரலிக்குவாவில் 1847 இல் தபாற்கந்தோர் அமைந்தது. சீனத் தொழிலாளரும் வணிகரும் மேற்கின் பொருளாதாரத்தில் பங்குகொண்டனர். வெல்ஸ் பார்கோ 1878 இலும் 1882 இலும் சீன வணிகரின் விபரக்கொத்துகளை வெளியிட்டது. அந்த 1882 இலேயே சீனர் குடிவரவைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறியது. இத்தகையோரின் உறைகளைத் தேடிச் சேகரிப்பதும் படிப்பதும் செய்ய வேண்டிய பணியாகும்.

6. சேகரிப்பும் பொறுப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சேகரிப்பாளர் பலர் முத்திரையை வெட்டியெடுத்து உறையை எறிந்தனர். அவ்வெட்டில் புறப்பட்ட இடம், சென்ற பாதை, சேர்ந்த நாள், பெறுநர் பெயர் யாவும் அழிந்தன. முழு உறையின் பெறுமதியை உணர்த்தியோருள் சுரங்கப் பொறியியலாளரான ஏர்ணஸ்ற் வில்ற்சி குறிப்பிடத்தக்கவர். எக்ஸ்பிரஸ் கம்பனிகள் பற்றிய அவரது நூல் 1931 இல் வெளிவந்தது. தொழில்முறை வரலாற்றாசிரியர் ஏறெடுத்தும் பாராத காலத்தில் சேகரிப்பாளரே இம்மூலங்களைக் காத்தனர் என்பதை நன்றியுடன் ஏற்கவேண்டும்.

அதேவேளை, விலை உயர்ந்தவிடத்துப் போலியும் மலிந்தது. கட்டணம், திகதி, பாதை, மை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சோதித்தே உறையொன்றைச் சான்றாக ஏற்றல் தகும். உறை ஒருவர் கைக்கும் உள்ளிருந்த கடிதம் மற்றொருவர் கைக்கும் போவது, முத்திரையை வெட்டியெடுத்ததற்கு எவ்வகையிலும் குறையாத இழப்பாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, மேற்கு எல்லைப்புறம் தனிமனிதனின் வீரத்தால் மாத்திரம் உருவாகவில்லை என்பதும், அரச பணமும் ஒப்பந்தமும் சட்டமும் அதனைத் தாங்கின என்பதும், அந்நிலத்துக்குரியோர் அவ்வலையமைப்பின் விளிம்புக்குத் தள்ளப்பட்டனர் என்பதும் கடித உறைகளால் துணியப்படும். கடித உறையை அதன் எழுத்துகளுக்காகவும் அதன் மௌனத்துக்காகவும் ஒருசேரப் படிப்பதே வரலாற்று மாணவரின் கடமையாகும்.