பொத்தாலாவைப் பார்த்த கண்கள்

திபெத்தின் தலைநகரான லாசாவில், செங்குன்றின் மீது படிப்படியாக எழுந்து நிற்கும் பொத்தாலா அரண்மனையின் படத்தைக் காணாதோர் இன்று அரியர். ஆயினும் 19ஆம் நூற்றாண்டு முடியும் வரை, அதன் நிழற்படம் எதுவும் வெளியுலக மக்களிடையே பரவியதில்லை. மேலை நாட்டார் நெடுங்காலம் அறிந்திருந்தது ஓர் ஓவியத்தையே.

அவ்வோவியத்தை வரைந்தவர் ஓர் இயேசு சபைக் குரு. பீக்கிங்கிலிருந்து தரைவழியே புறப்பட்ட யோகான் குரூபர், ஆல்பர்ட் தோர்வில் ஆகிய இருவரும் 1661ஆம் ஆண்டு அக்டோபரில் லாசாவை அடைந்தனர். தோர்வில் அடுத்த ஆண்டே ஆக்ராவில் உயிர்நீத்தார். குரூபர் வரைந்தது, 1667இல் அத்தனாசியுஸ் கிர்ச்சர் சீனாவைப் பற்றி வெளியிட்ட பெருநூலில் செதுக்குப் படமாக இடம்பெற்றது. இன்று பொத்தாலாவின் நடுவே ஓங்கி நிற்கும் செவ்வரண்மனை 1690களில்தான் கட்டப்பட்டது. குரூபர் கண்டதோ அதற்கு முந்தியது. ஐந்தாம் தலாய் லாமா 1645இல் தொடங்கிய கட்டடம். ஆகவே அந்தப் பழம்படத்தை வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர்.

அந்நாளில் லாசாவின் கதவு திறந்தே இருந்தது. கப்புச்சின் துறவியர் அங்கே தங்கிப் பணியாற்றினர். இயேசு சபையின் இப்போலித்தோ தெசிதேரி 1716இல் வந்து, திபெத்திய மொழியையும் பௌத்த நூல்களையும் ஆழக் கற்றார். (இவரே பின்னர் புதுச்சேரிக்கு வந்து தமிழ் பயின்றவர், ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தரின் முத்திப்பேறு பட்ட முயற்சிக்காக 1727இல் உரோமைக்கு அனுப்பப்பட்டவர். நம்மவர் பலர் இதை அறியார்.) 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேபாளக் கூர்க்கர்களோடு நடந்த போருக்குப் பின்னர் கதவு அடைபடலாயிற்று. 1846இல் லாசாவை அடைந்த லாசரிஸ்டு குருக்கள் ஊக், கபே ஆகியோர் சில வாரங்களிலேயே வெளியேற்றப்பட்டனர். நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். கேமரா பிறந்த காலமும் லாசா மூடிய காலமும் ஏறத்தாழ ஒன்றாயின.

மூடிய வீட்டைப் பார்க்க வழி இரண்டு: ஒளிந்து பார்ப்பது, உடைத்துப் பார்ப்பது. இரண்டுமே நடந்தன.

ஒளிந்து பார்த்தவர் கோம்போஜாப் சிபிக்கோவ். ரஷ்யக் குடிமகன், புரியாத்து இனத்தில் பிறந்த பௌத்தர். 1900ஆம் ஆண்டு ஆகஸ்டில் திருப்பயணிகளோடு ஒருவராக லாசாவுக்குள் நுழைந்து, ஓராண்டுக்கும் மேல் தங்கினார். கையில் வைத்துச் சுழற்றும் செபவுருளைக்குள் கேமராவை மறைத்துப் படம் எடுத்தார் என்பர். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. முன்னர் 1880களில் மாறுவேடத்தில் வந்துசென்ற வங்காளி அறிஞர் சரத் சந்திர தாசுக்கு உதவிய திபெத்தியர்கள் கொடுந்தண்டனை பெற்றனர். அவர்களுள் ஒரு பெருந்துறவி ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். ஒளிந்து பார்த்தவன் ஊர் திரும்பிவிடுவான். விலை கொடுப்பவர் வீட்டுக்காரரே. பயணக் கதைகளைப் போற்றுவோர் இதனை நினைப்பது குறைவு.

சிபிக்கோவும் கல்மிக் இனத்தவரான நோர்சுனோவும் எடுத்த படங்களை ரஷ்யப் புவியியல் கழகம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழாசிரியர் கில்பர்ட் குரோவனருக்கு 1905 ஜனவரி இதழில் பக்கங்கள் நிரம்பவில்லை. பதினொரு பக்கங்களில் அப்படங்களையே அச்சிட்டுவிட்டார். வேலை போய்விடும் என்று அஞ்சியிருந்தவரைத் தெருவில் கண்டோர் பாராட்டினர்.

உடைத்துப் பார்த்தவர்கள் ஆங்கிலேயர். யங்ஹஸ்பெண்டின் படை 1904 மார்ச் 31 அன்று குரு என்னுமிடத்தில் நூற்றுக்கணக்கான திபெத்தியரைச் சுட்டு வீழ்த்தியது; ஆகஸ்டில் லாசாவுக்குள் புகுந்தது. படையுடன் சென்ற அதிகாரி ஜான் கிளாட் ஒயிட் பெரிய கேமராவும் கண்ணாடித் தகடுகளும் சுமந்து சென்றார். கல்கத்தாவின் ஜான்ஸ்டன் அண்ட் ஹாஃப்மன் நிறுவனம் அவருடைய படங்களைத் தொகுப்பாக வெளியிட்டது. மலையும் மடமும் கோட்டையும் அவற்றில் பேரமைதியோடு விளங்குகின்றன. அழகில் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் அந்த அமைதியைப் பார்க்கையில் குருவில் கிடந்த உடல்கள் நினைவுக்கு வந்து மனத்தை உறுத்துகின்றன.

மூன்றாவதாக, அழைக்கப்பட்டு வந்த கேமராவும் ஒன்று உண்டு. 13ஆம் தலாய் லாமாவின் நண்பர் சார்லஸ் பெல் 1920இல் லாசாவுக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். அவருடன் வந்த சிக்கிம் நாட்டு உதவியாளர் ரப்தன் லெப்சா பல படங்களை எடுத்தார். நெடுங்காலம் அவை பெல் எடுத்தவையாகவே கருதப்பட்டன. தலாய் லாமா அரியணையில் அமர்ந்த படமும் அப்போது எடுக்கப்பட்டது. தம் படத்தின் படிகளை அவர் மடங்களுக்கு வழங்க, மக்கள் அவற்றைத் திருவுருவங்களாகவே வணங்கினர் என்று பெல் எழுதியுள்ளார். திருடனைப் போல் செபவுருளைக்குள் பதுங்கி வந்த கருவியின் படைப்பு, இருபது ஆண்டுகளில் பூசைப் பீடத்தில் ஏறிவிட்டது.

பொத்தாலாவுக்கு எதிரே சாக்போரிக் குன்றில் ஒரு மருத்துவக் கல்லூரி இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறவியருக்காக நிறுவப்பெற்றது. 1959இல் நடந்த சண்டையில் அது அழிந்தது. இரு குன்றுகளுக்கும் இடையே நகரின் மேற்கு வாயிலாக நின்ற ஸ்தூபம் 1960களில் இடிக்கப்பட்டு, 1995இல் புதிதாகக் கட்டப்பட்டது. 1409இல் தோன்றிய காந்தென் மடம் கலாச்சாரப் புரட்சியில் இடிபாடாகிப் பின்னர் சிறிது சிறிதாக எழுந்தது. ஒளிந்து எடுத்ததும் படையோடு வந்து எடுத்ததுமான படங்களைத்தான் நாடிழந்த திபெத்தியரும் இன்று தேடிப் பார்க்கின்றனர். சாக்போரியில் இப்போது தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது. கல்லூரி நின்ற விதத்தைக் காண விரும்புவோர் அப்பழைய படங்களையே நாட வேண்டும்.