டெர்மினலில் கட்டளை ஓடாவிட்டால்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. பழைய மடிக்கணினியை வீச மனமில்லாதவர்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று மாறுகிறார்கள். அங்கே டெர்மினலில் ஒரு கட்டளை ஓடாவிட்டால், முன்னால் 'சூடோ' சேர்த்து மறுபடி தட்டுவதே பலரும் செய்யும் வைத்தியம். சூடோ என்பது முழு அதிகாரத்தோடு ஓட்டு என்ற உத்தரவு. ஊராரின் வரிக் கோப்புகள் உள்ள கணினியில் அது தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலை மாதிரி.

வந்த செய்தியை முதலில் வாசியுங்கள். அடுத்து, வேறெதையும் தட்டாமல், 'எக்கோ', ஓர் இடைவெளி, டொலர் குறி, கேள்விக்குறி என்று தட்டி என்டரை அழுத்துங்கள். ஓர் இலக்கம் வரும். கணக்காளருக்கு இதைவிட என்ன வேண்டும்!

127 என்றால் அந்தப் பெயரில் கட்டளை கிடைக்கவில்லை. எழுத்துப் பிழையா, சிறிய எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்தா என்று பாருங்கள். லினக்ஸுக்கு இரண்டும் வேறு. இல்லையென்றால் அந்த மென்பொருளே நிறுவப்படாமல் இருக்கலாம். நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட் என்றால், பெயருக்கு முன்னால் புள்ளியும் சரிவுக் கோடும் வேண்டும். ஷெல் தேடுவது 'பாத்' பட்டியலில் உள்ள கோப்புறைகளில் மட்டுமே. நீங்கள் நிற்கும் கோப்புறை வழமையாக அதில் இராது. நல்லதுதான். யாரோ அனுப்பிய கோப்புறைக்குள் 'எல்எஸ்' என்ற பெயரில் ஒரு போலி கிடந்தாலும் அது தானாக ஓடாது.

126 என்றால் கோப்பு இருக்கிறது, ஓட்டத்தான் முடியவில்லை. அநேகமாக 'பெர்மிஷன் டினைட்' என்று வரும். 'சிஎச்மொட்', இடைவெளி, கூட்டல் குறியோடு சிறிய எக்ஸ், இடைவெளி, கோப்பின் பெயர் என்று கொடுங்கள். இந்த அனுமதி இல்லாத கோப்பு சூடோ போட்டாலும் ஓடாது. ஃபாட் முறையில் உள்ள பென்டிரைவில் அனுமதி நிற்காது; கோப்பை உங்கள் ஹோம் கோப்புறைக்குப் பிரதி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

அதிக நேரம் தின்பது இன்னொன்று. விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டைக் கொண்டுவந்தால், கோப்பு கண்முன்னே இருக்க, 'பேட் இன்டர்பிரெட்டர்' என்றோ தேவையான கோப்பு இல்லை என்றோ செய்தி வரும். வரி முடிவில் விண்டோஸ் இடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி முதல் வரியில் 'பாஷ்' என்ற பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒரு நிரலைத் தேடி லினக்ஸ் ஏமாறுகிறது. 'டொஸ்2யுனிக்ஸ்' என்ற சிறு கருவியை நிறுவி, அந்தக் கோப்பை ஒருமுறை அதில் கொடுத்து எடுத்தால் குறி போய்விடும்.