மார்த்தாண்ட வர்மா: ஒரு ஊமைக் காதல்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்குப் பக்கத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது; வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். 1613ல் அங்கே கோட்டையோடு நிலைபெற்ற கம்பெனியை 1741ல் குளச்சலில் முறியடித்தவர் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா. அவர் பெயரில் 1933ல் வந்த ஊமைப்படத்தில் அந்த யுத்தத்தைத் தேடுகிறவன் ஏமாந்துபோவான். சி.வி. ராமன் பிள்ளையின் 1891ம் வருஷத்து நாவலைத் தழுவிய படம் அது. கதை பட்டமேறுமுன் நடந்த சதிகளைப் பற்றியது. ஆனால் நம்மை உட்காரவைப்பது சதி அல்ல, காதல்.

அனந்தபத்மநாபன் காட்டில் வெட்டுண்டு செத்தான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. பாருக்குட்டி மட்டும் நம்ப மறுக்கிறாள். அவனோ பைத்தியக்காரச் சான்னானாக, பனையேறும் ஜாதிக்காரன் வேஷத்தில், திரிகிறான். பேச்சில்லாத சினிமாவுக்கு இதைவிடப் பொருத்தமான காதல் எது? குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயமே இல்லை.

இதை எடுத்தவர்கள் யார் என்பதுதான் விஷயம். டைரக்டர் பி.வி. ராவ். தயாரித்தவர் நாகர்கோவில் சுந்தர்ராஜ், ஜே.சி. டானியலின் உறவினர். டானியல் நாடார் கிறிஸ்தவர். நாயர் பிரபு சான்னானாக வேஷம் கட்டும் கதைக்குச் சான்னான் வகுப்பிலிருந்தே பணம் வந்திருக்கிறது. தமிழ்ப் பேசும் படம் வந்து இரண்டு வருஷம் ஆன பிறகு ஊமைப்படத்தில் பணம் போட்ட துணிச்சல் வேறு.

நாவலின் உரிமை கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. வழக்கு, தடை, படச்சுருள் பதிப்பகத்தின் கைக்குப் போயிற்று. 1974ல் பி.கே. நாயர் அதைப் புனே ஆவணக்காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். ஓடியிருந்தால் தேய்ந்திருக்கும், அல்லது வெள்ளிக்காக உருக்கியிருப்பார்கள். நடராஜ முதலியாரின் கீசகவதத்துக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. கிடைக்காதது கிடைத்துவிட்ட பரவசத்தில் நடிப்பின் நாடகத்தனத்தைக்கூட மன்னித்துவிடுகிறோம். எனக்கும் இதில் பங்கு உண்டு.

ஆனால் ஒரு கேள்வி விடமாட்டேன் என்கிறது. சில வருஷங்களுக்கு முன், 1928 என்றும் 1930 என்றும் சொல்கிறார்கள், டானியலின் விகதகுமாரன் அதே திருவனந்தபுரத்தில் ஓடியது. அதில் நாயர்ப் பெண்ணாக நடித்த பி.கே. ரோஸி தலித். அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். நாயர் சான்னானாக வேஷம் போட்டால் அது காதலின் சாகசம். மேல்ஜாதிப் பெண்ணாக ரோஸி நடித்தால் அது குற்றம். விகதகுமாரன் சுருளில் ஒரு அடிகூட மிஞ்சவில்லை.