வளையத்துக்குக் கீழே – 6: ஒன்பது வருடக் கடன்

"அந்தப் பிள்ள திரும்பி வந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க தம்பி."

மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டில் தேத்தண்ணிக் கடை அண்ணன் என்னை மறித்துக் கேட்டது இது. போன வாரம் வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தை தேசிய அணிக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் நழுவியதில் அவருக்குக் கோபம். "வார இதழ் வரட்டும், அண்ணே" என்றேன். முறைத்தார்.

வந்தார், அண்ணே. அதற்கு முன் ஒரு கணக்கு பார்த்துவிடுவோம்.

நம் மலைப்பக்கம் உதைபந்துக்கு நூறு மீட்டர் சமதரை தேடினால் தேயிலை விட்டுவைத்திருக்காது. கிடைக்கிற ஒன்றையும் பையன்கள் பிடித்துக்கொள்வார்கள். வலைப்பந்துக்கு 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம் போதும். பாடசாலை முற்றத்தில் இரண்டு கம்பம் நட்டால் தீர்ந்தது. நம் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் வாய்த்ததில் நிலத்துக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதல் உலகப் போட்டிக்கே 'சிலோன்' அணி போயிருக்கிறது. அப்போது நம் லயங்களில் பெரும்பாலானோருக்கு நாடே கிடையாது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதியது அடுத்த வருடம்தான். சரி, அது வேறு தொடர்.

யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனிலிருந்து வந்த தர்ஜினியின் உயரம் 2.08 மீட்டர். வளையம் இருப்பது 3.05 மீட்டரில். 'உயரமான பிள்ளை, போடுகிறாள்' என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது அநியாயம்.

வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவர் ஓட முடியாது. மூன்று விநாடிக்குள் கையை விட்டுப் போக வேண்டும். கோல் போட ஓர் அணியில் இரண்டே பேருக்குத்தான் உரிமை, அதுவும் அரைவட்டத்துக்குள் நின்று. வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. பட்டுத் திரும்பி விழும் என்ற நம்பிக்கை வேண்டாம். தடுப்பவர் 0.9 மீட்டர் தள்ளி நின்றுதான் கையை நீட்டலாம். இந்த இடைவெளிதான் தர்ஜினியின் சாம்ராச்சியம். ஆனால் பந்து அங்கே வந்து சேர வேண்டுமே! அவர் கை எட்டுகிற, வேறு எந்தக் கையும் எட்டாத ஒரு சாண் இடத்துக்கு, ஓடிவந்து நின்ற மூச்சோடு ஒரு தோழி எறிய வேண்டும். கொஞ்சம் தாழ்ந்தால் எதிரணிக்கு. கொஞ்சம் கூடினால் கோட்டுக்கு வெளியே. அதைப் பிடித்து, இடிபட்டாலும் கால் பெயராமல் நின்று போடுவது தனி வித்தை.

2009இல், போர் முடிந்த அதே வருடம், மலேசியாவில் அந்த எறிதல் தவறவில்லை. ஆசியக் கிண்ணம் வந்தது. 2011 சிங்கப்பூர் உலகக் கிண்ணத்தில் சிறந்த எறிவாளர் என்ற பெயரும் வந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் கழகம் வரை போனார். ஆனால் 2012, 2014, 2016 மூன்று முறையும் ஆசியக் கிண்ணம் இலங்கையின் கையில் இல்லை.

2018 செப்டம்பர். சிங்கப்பூர். தர்ஜினிக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பெயர்ப்பட்டியலில் அவரை மறுபடி கண்டதும் 'இந்த வயதில் என்ன செய்யப் போகிறார்' என்று நானே முணுமுணுத்தேன். எழுதிவைக்கிறேன், மறைக்கவில்லை.

9ஆம் திகதி இறுதி ஆட்டம். எதிரே சொந்த மண்ணில் சிங்கப்பூர். அவர்கள் வேகக்காரிகள், பந்தைத் தாழ்வாகக் கைமாற்றுகிறவர்கள். இலங்கை தன் பந்துகளை மேலே அனுப்பியது. அரைவட்டத்துக்குள் சிங்கப்பூர்க்காரிகள் சுற்றிச் சுற்றி வந்து கை நீட்டினார்கள். பந்து அவர்கள் விரலுக்கு மேலால் போய் இறங்கியது. மறுபடி போனது. மறுபடி இறங்கியது. முடிவு 69–50. ஒன்பது வருடக் கடன் அடைந்தது. இலங்கைக்கு ஐந்தாவது ஆசியக் கிண்ணம்.

இதோடு நிறுத்தினால் கடைக்கார அண்ணன் சந்தோஷப்படுவார். ஆனால் அடுத்த ஜூலை லிவர்பூலில் உலகக் கிண்ணம் காத்திருந்தது. அங்கே சிம்பாப்வேயிடம் தோல்வி. வட அயர்லாந்திடம் தோல்வி. ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. ஆசியாவின் மகாராணிகள் மூன்று ஆட்டத்திலும் வெறுங்கை.

நாலாவது ஆட்டத்துக்கு இலங்கைப் பிள்ளைகள் களத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் பார்த்தார்கள். அங்கே நின்றது அதே சிங்கப்பூர். பத்து மாதமாக அந்த 69–50ஐ நெஞ்சில் வைத்திருந்த சிங்கப்பூர்.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். தர்ஜினி வளையத்துக்குக் கீழே போய் நின்று வலக்கையைத் தூக்கினார்...

(தொடரும்)