நாற்பத்து நால்வர் அவை: ஷயான் மக்களின் அரசியலும் அதன் சிதைவும்

வட அமெரிக்கப் பழங்குடியினரான ஷயான் மக்களைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி போர்க்களத்தைத் தாண்டுவதில்லை. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரின் படையை முறியடித்தவர்களில் அவர்களும் இருந்தார்கள் என்பதே பலர் அறிந்த செய்தி. ஆனால் அம்மக்களின் வரலாறு துலங்குவது அவர்களுடைய அவையின் வழியாகத்தான். போர்களும்கூட அவ்வவையின் தளர்ச்சியோடு சேர்த்துப் பார்க்கும்போதே பொருள்படுகின்றன.

அல்கோன்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த இவர்கள் முதலில் உழுகுடிகள். இன்றைய மின்னசோட்டாவிலும், பின்னர் வடக்கு டகோட்டாவிலும் ஊரமைத்து மக்காச்சோளம் பயிரிட்டார்கள். குதிரைகள் கிடைத்ததும் 18ஆம் நூற்றாண்டின் போக்கில் காட்டெருமைகளைத் தொடர்ந்து சமவெளிக்குப் பெயர்ந்தார்கள். குளிர்காலத்தில் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து கிடந்த மக்களை ஒரே சமூகமாகப் பிணைக்க ஏதேனும் வேண்டியிருந்தது. ஸ்வீட் மெடிசின் என்னும் ஆசான் பேர் பட் மலையில் பெற்றுவந்ததாக அவர்கள் போற்றும் நான்கு புனித அம்புகளும், நாற்பத்து நால்வர் அவையும் அந்தப் பிணைப்பாயின.

அவையில் அமர்ந்த நாற்பத்து நான்கு தலைவர்களின் பதவிக்காலம் 10 ஆண்டுகள். தன் கூடாரத்தின் முன்னே சொந்த மகன் கொல்லப்பட்டாலும் தலைவன் சினங்கொள்ளலாகாது. இல்லாதவர்க்குக் கொடுப்பது அவன் கடமை. வேட்டை ஒழுங்கையும் போரையும் வீரர் சங்கங்கள் கவனித்தன. இனத்தானைக் கொன்றவனுக்கு மரண தண்டனை கிடையாது. அக்கொலையால் அம்புகளில் இரத்தக்கறை படியும், வேட்டை விலங்குகள் விலகிப்போகும் என்பது நம்பிக்கை. ஆகவே அவனை நாடுகடத்தி, அம்புகளைத் தூய்மைப்படுத்தினார்கள். பழிக்குப் பழி என்னும் சங்கிலியை இந்த ஏற்பாடு அறுத்தது.

அதே சட்டம் ஒரு பிளவுக்கும் வழிவிட்டது. 1830களின் இறுதியில் வீரர் சங்கங்களில் ஒன்றான டாக் சோல்ஜர்ஸின் தலைவர் போர்க்குப்பைன் பேர், குடிபோதைச் சண்டையில் உறவினர் ஒருவரைக் கொன்று விலக்கப்பட்டார். அவரைத் தொடர்ந்து சென்ற சங்கத்தினர் நாளடைவில் தனிக்கூட்டமாயினர். அவையின் சொல் அவர்களை முன்போல் கட்டுப்படுத்தவில்லை.

அமெரிக்க அரசுடனான 1861ஆம் ஆண்டு வைஸ் கோட்டை ஒப்பந்தத்தை இப்பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். 1851இல் லாரமி கோட்டையில் ஒப்புக்கொள்ளப்பட்ட நிலப்பரப்பு ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. கையொப்பமிட்ட ஷயான் தலைவர்கள் ஆறே பேர். இணக்கம் காணும்வரை பேசி முடிவெடுக்கும் ஓர் அவையில் ஆறு பேரின் ஒப்புதல் இனம் முழுவதையும் கட்டுப்படுத்தாது. டாக் சோல்ஜர்ஸ் அதை ஏற்க மறுத்ததை ஒப்பந்த மீறல் என்று வாஷிங்டன் கருதியது. என் பார்வையில், ஒப்பந்தமே அவர்களைப் பொறுத்தவரை உருவாகவில்லை.

1864 நவம்பர் 29 அன்று சாண்ட் கிரீக்கில், அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றியிருந்த ஷயான் தலைவர் பிளாக் கெட்டிலின் முகாம்மீது அமெரிக்கப் படைத்தலைவர் சிவிங்டனின் படை பாய்ந்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். ஒயிட் ஆன்டிலோப், யெல்லோ உல்ஃப் முதலான அவைத் தலைவர்களும் அங்கேயே வீழ்ந்தார்கள். சமாதானம் பேசியவர்கள் மறைந்ததும் போரை வேண்டியவர்களின் குரல் ஓங்கியது. அமைதிக்கான அமைப்பைக் குலைத்துவிட்டு, அம்மக்களைப் போர்வெறியர் என்று பழித்தது கொடிய அநீதி.

ஆய்வாளர்கள் லெவெலினும் ஹோபெலும் 1941இல் வெளியிட்ட ஷயான் சட்ட ஆய்வு, முதியோரின் நினைவுகளையே பெரிதும் நம்பியது. அது இலட்சியச் சித்திரம் என்று வாதிட இடமுண்டு. அதற்கு ஷயான் தலைவர் லிட்டில் உல்ஃபின் வாழ்க்கையே மறுப்பு. 1878இல் இன்றைய ஓக்லஹோமாவிலிருந்து தம் மக்களை வடக்கே அழைத்துச் சென்றவர் அவர். 1880இல் குடிபோதையில் தம் இனத்தவரான ஸ்டார்விங் எல்க்கைச் சுட்டுக் கொன்றார். விலக்கு ஆணையை நிறைவேற்றும் வலிமை அப்போது அவையிடம் இல்லை. ஆயினும் அவர் தாமாகவே ஒதுங்கினார். பிறரோடு புகைக்குழாயைப் பகிரும் தலைவருக்குரிய உரிமையை விட்டார். 1904இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தார்.