அஞ்சடி யாருக்கு?

நம் பட்டணங்களில் கடை வரிசைக்கு முன்னே கூரையிட்ட நடைவழி ஒன்று உண்டு. மலாய்க்காரர் அதனைக் காக்கி லீமா என்பர். நம்மவர் வாயில் அஞ்சடி. இரண்டிற்கும் பொருள் ஐந்தடி என்பதே. இது கடைக்காரர் மனமிரங்கி விட்ட தருமம் என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அன்று, சட்டம் விடச் செய்த வழி இது.

1822-இல் சிங்கப்பூர் நகரை வகுக்க முனைந்த இராபிள்ஸ் துரை, செங்கல் வீடு ஒவ்வொன்றின் முன்னும் தாழ்வாரம் ஒன்று இருத்தல் வேண்டும், அது தெரு நெடுகத் தொடர்ந்து எந்நேரமும் திறந்திருத்தல் வேண்டும் என்று விதித்தார். நிலம் கடைக்காரனுடையது, வழியோ ஊராருடையது. சண்டைக்கு வித்து இவ்விரட்டை உரிமையிலேயே கிடந்தது. இவ்வமைப்பு நாளடைவில் மலாய் நாடெங்கும் பரவியது. 1909-இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் ஆதிக்கத்திற்கு மாறிய கெடாவின் கடைத்தெருக்களும் அதனையே கொண்டன.

தாழ்வாரத்தில் மூட்டையும் பெட்டியும் ஏறின. சிறு வியாபாரிகளும் அமர்ந்தனர். 1888 பெப்ரவரியில் சிங்கப்பூர் நகராண்மையார் அவற்றை அகற்ற முற்படவே கடைகள் அடைபட்டன, கற்கள் பறந்தன, மூன்று நாட்கள் நகரம் கலங்கிற்று. முடிவில், ஆள் நடக்க இடம் விட்டால் போதுமென்று இணங்க நேர்ந்தது. அக்கடைக்காரரை நாம் முற்றும் பழிக்க மாட்டோம். அவர்கள் போராடியது வயிற்றுக்காக.

இன்று அஞ்சடியில் ஏறி நிற்கும் மோட்டார் வண்டிக்கு அந்தச் சமாதானமும் இல்லை. வெயில் படாத நிழல் வேண்டும், பத்தடி கூடுதலாக நடக்கலாகாது, அவ்வளவே. ஜித்ரா போன்ற ஊருக்குத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வரும் கிழவி, கையில் பையுடன் தார்ச்சாலையில் இறங்கி லாரிக்கு ஒதுங்குகிறாள். தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் வைக்கத்தில் சிறை புகுந்தவர்களைப் போற்றும் நம்மவரே, அவளை இறக்கிவிடும் வண்டிக்குச் சொந்தக்காரராய் இருப்பதையும் காண்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி நடைவழியில் வண்டி நிறுத்துவது குற்றம். இலண்டன் மாநகருக்கும் அதே ஆண்டிலேதான் இத்தகைய தடை பிறந்தது. அங்கே, நிறுத்தலாம் என்று பலகை வைத்த இடத்தில் மட்டுமே நடைமேடையில் வண்டி ஏறலாம். நம்மவரோ, நிறுத்தாதே என்ற பலகையைக் காணாத இடமெல்லாம் தமக்கு விட்ட இடம் என்று கொள்கின்றனர்.