கஞ்சியில் உப்பில்லை என்றவர்கள்

ஹிஜ்ரி 1441ஆம் ஆண்டின் ரமளானை நம் குடும்பங்கள் எளிதில் மறக்கமாட்டா. 2020 ஏப்ரல் 25 அன்று தமிழகத்தில் நோன்பு தொடங்கியபோது ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தன. நோன்புக் கஞ்சி அவரவர் இல்லத்திலேயே காய்ச்சப்பட்டது. அந்நாளில் ஒருவர், "கஞ்சியில் உப்புமில்லை, மணமுமில்லை" என்று கூறியிருந்தால் பழி சமைத்தவர் மீதே விழுந்திருக்கும். நோன்பாளி தேவைக்காக, விழுங்காமல் நுனிநாவால் உப்புப் பார்க்கச் சட்ட அறிஞர்கள் இடம் தந்துள்ளனர். அந்த நாவே கைவிட்டால் என் செய்வது? சுவையும் மணமும் அற்றுப்போவதைக் கொரோனாவின் அறிகுறியாக இந்திய நலவாழ்வு அமைச்சகம் ஏற்றது ஜூன் 13 அன்று. அப்போது பெருநாள் கழிந்து 19 நாட்கள் ஆகியிருந்தன.

இது மருத்துவம் அறியாத குறையன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில், மூக்கு நோய்களினூடே மண உணர்வு கெடுவதை ஆராய்ந்துள்ளார். மூளையின் முன்புறம் உள்ள, முலைக்காம்பு போன்ற இரு புடைப்புகளே மணத்தை உணர்கின்றன என்பது அவர் கருத்து. முகர்குமிழ் என இன்று அழைக்கப்படுவது அதுவே. 1889இல் பரவத் தொடங்கிய 'ரஷ்யக் காய்ச்சலிலும்' மணமும் சுவையும் இழந்தோர் உண்டு. 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், சளிக்காய்ச்சலுக்குப் பின் இவ்வாறு நேர்வதைத் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டனர். எனினும் இது சளியின் எச்சம் என்றே ஒதுக்கப்பட்டது. இதனால் எவரும் இறப்பதில்லை. நோயாளியின் சொல்லைத் தவிர வெளிப்படையான சான்றும் இல்லை. அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

2020 மார்ச்சில் பிரிட்டனின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் எச்சரித்தனர்: வேறு அறிகுறி இல்லாமல் மணம் மட்டும் திடீரென மறைந்தாலும் ஏழு நாட்கள் தனித்திருக்க வேண்டும். அந்நாட்டு அரசு அதைப் பட்டியலில் சேர்த்தது மே 18 அன்று. இடைப்பட்ட இரு மாதங்களில் காய்ச்சலற்ற எத்தனை பேர் கடைக்கும் பணிக்கும் சென்று நோயைப் பரப்பினரோ, அல்லாஹ்வே அறிவான்.

சளியில் மூக்கடைப்பு மணத்தை மறைக்கும். இங்கோ மூக்கு அடைபடாமலே மணம் போயிற்று. மணம் உணரும் நரம்புச் செல்களை விட்டுவிட்டு, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களையே இக்கிருமி பற்றுகிறது என்பது அவ்வாண்டு ஜூலையில் வெளியான ஆய்வின் முடிவு. துணைச் செல்கள் மீண்டும் வளர்வதால் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறினர். சிலருக்கோ மணம் திரிந்து வந்தது; வெங்காயமும் பூண்டும் வதங்கும் வாடையே குமட்டலாயிற்று. பிரியாணி மணக்கும் வீட்டில் அது சிறு சோதனையன்று.

இத்தகையோருக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் தாமஸ் ஹும்மல் 2009இலேயே ஒரு பயிற்சியை வெளியிட்டிருந்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கின் மணத்தைக் காலையும் மாலையும் 12 வாரங்கள் முகர வேண்டும். எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆயினும் நான்கும் நம் வீடுகளில் இருப்பவையே.